திங்கட்கிழமை இல்லாத ஆலையில் திங்கட்கிழமை நோய்

எங்கள் பெரியப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி, பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியதும் பத்துப் படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். அவர் இறந்த பிறகு பீரோவை ஒழித்தபோது, பதினைந்து ஆண்டு மருந்துச் சீட்டுகள் ஒரு மஞ்சள் பைக்குள் கிடைத்தன. சிலவற்றில் 'ஆஸ்துமா', சிலவற்றில் 'சளி, இளைப்பு', கடைசியில் வந்தவற்றில் 'சி.ஓ.பி.டி.', அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஒரே ஒரு சீட்டில் 'தொழில்' என்று ஓர் இடம் அச்சாகியிருந்தது. அதில் 'கூலி' என்று எழுதியிருந்தார்கள்.

கொங்கு நாட்டில் 'கூலி' என்றால் என்னவாகவும் இருக்கலாம். பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் கூலி. திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடிக்கிறவர் கூலி. கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் மணலைச் சலிக்கிறவரும் பொள்ளாச்சியில் தேங்காய் மட்டை அடிக்கிறவரும் கூலி. ஆண்டின் பாதி நாள் மஞ்சள் காட்டிலும் மீதி நாள் மில்லிலும் இருப்பவரும் கூலிதான். இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். தொழில்சார் மருத்துவம் என்ற துறையே அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தது. நம் ஊர்ச் சீட்டில் கேள்வி இருக்கிறது. அதற்கு எழுதப்படும் பதில் யாருக்கும் பயன்படுவதில்லை.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது 1888இல். பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்த பிறகு நகரைச் சுற்றி மில்கள் வரிசையாக முளைத்தன. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் கால் பதித்ததும் கோவையில்தான், 1955இல். இவ்வளவு நீண்ட பஞ்சாலை வரலாறு உள்ள மண்ணில், பஞ்சுத் தூசி எத்தனை பேரின் நுரையீரலைக் கெடுத்தது என்று கேட்டால் உறுதியான எண்ணிக்கை கிடைக்காது. ஆய்வுகள் நடக்காமல் இல்லை. நடப்பவை பெரும்பாலும் சில நூறு பேரை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிகிறவை. ஏன் அப்படி என்று கேட்டால், பணமில்லை, அக்கறையில்லை, முதலாளி விடமாட்டார் என்று மூன்று பதில்கள் உடனே வரும். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு சிக்கல் கிடக்கிறது. நோய் நடக்கிற வேகமும் வேலை மாறுகிற வேகமும் ஒத்துப்போவதில்லை. நோய் வெளியே தெரிகிற நேரத்தில் ஆள் அங்கே இருப்பதில்லை.

பிஸ்ஸினோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். பருத்தி, சணல், ஆளி போன்ற நார்களின் தூசியால் வரும் மூச்சுக்குழாய் நோய் இது. பருத்திச் செடியின் சருகும் இலைத்துகளும் பஞ்சோடு கலந்து வருகின்றன. அவற்றில் வாழும் பாக்டீரியாக்களின் உறையிலுள்ள எண்டோடாக்ஸின் என்ற பொருள்தான் முக்கியக் குற்றவாளி என்று கருதப்படுகிறது. அதனால்தான் பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும் கார்டிங்கிலும் ஆபத்து அதிகம். நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் குறைவு.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதனில் தணியும். அடுத்த திங்கள் மறுபடியும் இறுகும். ஆண்டுகள் போகப் போக வாரத்தின் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். பிறகு வேலையை விட்டாலும் மூச்சு முழுதாகத் திரும்பாது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங், இந்தத் திங்கட்கிழமைக் குணத்தை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. ரத்தப் பரிசோதனையும் இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவு எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். மற்றபடி, 'திங்கட்கிழமை எப்படி இருக்கிறது?' என்ற கேள்விதான் மருத்துவரின் கையிலுள்ள கருவி.

அந்தக் கேள்வியை இன்று கொங்கு நாட்டு மில்லில் கேட்டுப் பாருங்கள். மில் 24 மணி நேரமும் ஓடுகிறது, வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாகச் சுழல்கிறது. ஒருவருக்குப் புதன், அடுத்தவருக்கு வெள்ளி. விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்கள் பலர் விடுமுறை எடுக்காமல் கூடுதல் ஷிப்ட் பார்த்துவிட்டு, மொத்தமாகத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இல்லவே இல்லை. வெளிநாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டு போகிற ஆய்வாளர், 'இல்லை' என்ற பதிலை வரிசையாக எழுதிக்கொண்டு திரும்புவார். நோய் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வாரத்தின் முதல் நாள் கரைந்துபோன இடத்தில் அறிகுறியும் கரைந்துவிடுகிறது. 'விடுமுறை முடிந்து வந்த முதல் நாள்' என்று மாற்றிக் கேட்டால் கொஞ்சம் தேறும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த அன்று எப்படி இருந்தது என்று கேட்டால் இன்னும் தேறும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

சொற்களும் காலை வாரும். 'செஸ்ட் டைட்னஸ்' என்பதைத் தமிழில் என்னவென்று கேட்பது? 'நெஞ்சு அடைக்கிறதா?' என்றால், மாரடைப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'அய்யோ, அதெல்லாம் இல்லைங்க' என்பார்கள். 'நெஞ்சு இறுக்கம்' புத்தகச் சொல். 'மூச்சுத் திணறல்' என்றால் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு மோசமான நிலை என்று பொருள் கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் 'இளைப்பு' என்பார்கள், 'நெஞ்சு கனமாக இருக்கிறது' என்பார்கள். எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதற்கேற்ப நோயின் எண்ணிக்கையே மாறிவிடும். இது தமிழ் பேசுகிறவர்களோடு உள்ள சிக்கல். இன்றைய மில்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஒடியாவிலும் இந்தியிலும் அதே வினாத்தாளைத் தயாரித்து, அது அதே பொருளைத்தான் தருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். எத்தனை மருத்துவக் கல்லூரித் துறைகளால் அது முடியும்?

இனிக் காலக்கணக்குக்கு வருவோம். பிஸ்ஸினோசிஸ் முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் தூசியில் நின்றிருக்க வேண்டும். பெரியப்பாவின் தலைமுறையில் அது நடந்தது. நிரந்தர வேலை, ஒரே மில், ஒரே பிரிவு. அதன் பிறகு வந்தது 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று ஆண்டு ஒப்பந்தம். தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் மில் விடுதியில் தங்கி வேலை செய்து, இறுதியில் ஒரு தொகையோடு ஊர் திரும்பினார்கள். அந்தத் திட்டத்தின் மீது எழுந்த உழைப்புச் சுரண்டல் குற்றச்சாட்டுகள் பலரும் அறிந்தவை. நோயியல் நோக்கில் அதற்கு இன்னொரு விளைவும் இருந்தது: மூன்று ஆண்டுகளில் போய்விடுகிறவரிடம் பத்து ஆண்டு நோயைத் தேட முடியாது. அந்தப் பெண் இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாற்பது வயதில் இளைப்பு வந்தால், அந்த ஊர் மருத்துவர் அடுப்புப் புகையைக் குறை சொல்வார். அதிலும் பாதி உண்மை இருக்கும். பாதி உண்மைதான் ஆய்வாளருக்குப் பெரிய தலைவலி.

இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் இன்னும் வேகமாக இடம் மாறுகிறார்கள். ஆறு மாதம் மில், அடுத்து பனியன் கம்பெனி, அடுத்து கட்டட வேலை. இவர்களைப் பின்தொடர்ந்து ஆண்டுதோறும் ஊதவைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமா?

சரி, இன்று மில்லில் இருப்பவர்களையாவது பார்க்கலாமே என்றால், அங்கே நிற்பவர்கள் நல்ல நுரையீரல் உள்ளவர்கள். மூச்சு வாங்கியவர் முன்பே வேலையை விட்டிருப்பார், அல்லது மேஸ்திரி அவரைத் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றியிருப்பார். ஆய்வு முடிவு 'பாதிப்பு குறைவு' என்று வரும். நோய்ப்பரவலியலில் இதற்கு 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று பெயர். தோட்டத்தில் முள்ளங்கி முற்றியதா என்று பார்க்கப் போனவன், ஏற்கெனவே பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பியதை மறந்துவிட்டு மிச்சமிருக்கும் பிஞ்சுகளை எண்ணி வருவது போன்றது அது.

மில் வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் உள்ளே தூசி அளக்க முடியாது. பருத்தித் தூசியை முறைப்படி அளக்க, 15 மைக்ரானுக்குக் கீழான துகள்களை மட்டும் பிரித்தெடுக்கும் உயரமான ஒரு கருவி வேண்டும். அதை ஷிப்ட் முழுவதும் இயந்திரங்களுக்கு நடுவே நிறுத்தி வைக்க வேண்டும். அமெரிக்கா 1978இல் நூற்பு வேலைக்குக் கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது இந்தக் கருவியின் அளவைக் கொண்டுதான். இங்கே அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனால், அளவு கூடுதலாக வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வெளிநாட்டு வியாபாரி தணிக்கைக்கு வருகிற காலத்தில் ஓர் ஆய்வுத்தாளின் ஒரு வரி ஆர்டரைக் கெடுத்துவிடும் என்று முதலாளி அஞ்சுகிறார். அனுமதி கிடைத்தாலும் மேலாளர் பக்கத்தில் நிற்பார். தொழிலாளி 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பார். ஆய்வில் சேரச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறவர், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுகிறாரா, விருப்பத்தோடு போடுகிறாரா என்பது நெறிமுறைக் குழுவுக்கும் தெரியாது, அவருக்கே சில சமயம் தெரியாது. கோவையின் பெரிய மருத்துவமனைகள் சில மில் குடும்பங்களின் அறக்கட்டளைகளிலிருந்து பிறந்தவை. அவற்றால் இந்த ஊர் அடைந்த நன்மைக்கு அளவில்லை. ஆனாலும் பஞ்சுத் தூசியைப் பற்றி ஆராய்கிற இளம் மருத்துவருக்கு, வரவேற்பறையில் தொங்கும் நிறுவனரின் படம் ஒரு கணமாவது கண்ணில் படாமலா போகும்?

தறிக்கு வந்தால் கதை வேறு. அங்கே வாசலே இல்லை. சோமனூர், பல்லடம், அவிநாசி, மங்கலம் பகுதிகளில் விசைத்தறிக் குடோன் வீட்டை ஒட்டியே இருக்கும். தொழிற்சாலைச் சட்டம், 1948இன்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது 'தொழிற்சாலை' என்று கணக்கிடப்பட்டது. எட்டுத் தறிக்கு இரண்டு மூன்று பேர் போதும். ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்தக் குடோன் தொழிற்சாலையே இல்லை. மருத்துவப் பரிசோதனைப் பதிவேடும் இல்லை. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, அந்தப் பத்தை இருபதாக உயர்த்திவிட்டது. அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவர்களின் வட்டம் பெரிதாகத்தான் ஆகும்.

தறிச் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு இந்தியச் சட்டம் விதித்த உச்ச வரம்பு அதுதான். காது கேட்கும் திறனைச் சோதிக்க ஆடியோமெட்ரி செய்வார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. சத்தத்தில் நின்றுவிட்டு வந்த காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும்; அது தெளிய நேரம் வேண்டும். எனவே சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பெருஞ்சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கு மிச்சமிருப்பதே பன்னிரண்டு மணி நேரம். அதிலும் அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த ஷிப்டின் தறி ஓடிக்கொண்டிருக்கும். கொங்குத் தறி ஊர்களில் 14 மணி நேர அமைதி என்பது, மின்தடை நீண்டால் அல்லது வேலைநிறுத்தம் வந்தால்தான். கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலிக்குத் தறி ஓட்டுவோர் 2022 தொடக்கத்திலும் 2025இலும் தறிகளை நிறுத்தினார்கள். ஊரே ஓசையடங்கிக் கிடந்த அந்த நாட்களில் ஆடியோமீட்டரோடு ஒரு குழு சோமனூருக்குப் போயிருந்தால், வேறு எப்போதும் கிடைக்காத ஒப்பீட்டு அளவு கிடைத்திருக்கும். ஆனால் ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் போராட்டம் முடிந்து தறி ஓடத் தொடங்கியிருக்கும்.

பவுண்டரி மணலில் உள்ள சிலிக்கா தருகிற சிலிக்கோசிஸ் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் அது காசநோயைப் போலவே தோற்றம் காட்டும். போதாக்குறைக்குச் சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அதனால் ஆள் காசநோய்ப் பதிவேட்டில் ஏறுகிறார், மாத்திரை சாப்பிடுகிறார், கணக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. எந்த வேலை என்று கேட்டிருந்தால் வேறு பதிவேட்டில் ஏறியிருப்பார்.

மருத்துவர்களைக் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர்களின் கட்டுகளையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆய்வு என்று நடப்பதில் பெரும்பங்கு முதுநிலை மாணவரின் மூன்றாண்டுப் படிப்பில் எழுதும் ஆய்வேடுதான். தலைப்பு, நெறிமுறைக் குழு, அனுமதி என்று முதல் ஆண்டு ஓடிவிடும். எழுதவும் திருத்தவும் கடைசி ஆண்டு. நடுவில் தரவு சேகரிக்கச் சுமார் ஒன்றரை ஆண்டு, அதுவும் வார்டு வேலைக்கும் இரவு டியூட்டிக்கும் நடுவில். பத்தாண்டு நோயை அந்த ஒன்றரை ஆண்டுக்குள் எப்படி மடக்குவது? புறநோயாளிப் பிரிவுக்குத் தானாக வருகிற நூறு பேரைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அடுத்த மாணவர் அதே நூறு பேரைத் தொடர்வதில்லை. புதிய தலைப்போடு புதிய நூறு பேரைத் தேடுகிறார். வழிகாட்டுகிற பேராசிரியர் ஒருவராகவே இருந்தும், ஆய்வேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படாமல் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. தொழில்சார் மருத்துவத்துக்கென்று முழுநேர முதுநிலை இடங்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. ஆலை மருத்துவர்களில் பலர் சில மாதச் சான்றிதழ்ப் படிப்போடு அந்தப் பணிக்கு வந்தவர்கள். நுரையீரல் மருத்துவர் அறிகுறியைப் பார்க்கிறார், சமூக மருத்துவத் துறை ஊரைப் பார்க்கிறது, மில் மருத்துவர் தலைவலிக்கு மாத்திரை தருகிறார். மூவரும் ஒரே மேசையில் உட்கார்வதற்கு இடமில்லை.

அறிவிக்கும் கடமையாவது மருத்துவருக்கு இல்லையா என்றால், இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, பிஸ்ஸினோசிஸ், சிலிக்கோசிஸ் உள்பட அட்டவணையிலுள்ள நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்காவிட்டால் அபராதம் அதில் உச்சமாக 1,000 ரூபாயாக இருந்தது. தெரிவித்தால் இழப்பீட்டு வழக்கு, சாட்சி, நீதிமன்றத் தேதி, உங்கள் தொழில்வழி நோய்க்கு ஆதாரம் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை. 'ஆஸ்துமா' என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, இன்ஹேலரும் அதேதான். மருந்து மாறவில்லை என்பதே இந்தக் குழப்பத்தின் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரைச் சரியாக எழுதுவதால் அன்றைய நோயாளிக்கு எந்த உடனடிப் பயனும் இல்லை. பயன் அடுத்த ஆயிரம் பேருக்கு. அந்த ஆயிரம் பேர் புறநோயாளி வரிசையில் நிற்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 'தூசியே படாத' ஒரு குழு வேண்டும் என்பது இன்னொரு முட்டுக்கட்டை. மில்லுக்குப் போகாதவர் கோழிப்பண்ணைக்குப் போயிருப்பார், அல்லது தென்னை நார் ஆலைக்கு, அல்லது கல் குவாரிக்கு. திருப்பூர் மாவட்டத்தில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பிய்த்து நூலாக்கும் ஓ.இ. மில்களில் கழிவுப் பஞ்சின் தூசி வேறு வகை. விவசாயியே நெல், மஞ்சள், சோளத் தட்டுத் தூசியில் நிற்பவர்தான். கொங்கு நாட்டில் சுத்தமான ஒப்பீட்டுக் குழுவைத் தேடினால் ஒரு வங்கிக் கிளைக்குள்தான் போக வேண்டும். அவர்களுடைய வயதும் வருமானமும் சாப்பாடும் மில் தொழிலாளியோடு பொருந்தாது.

இத்தனையும் சேர்ந்து ஆய்வே நடத்த முடியாது என்று எண்ணத் தேவையில்லை. மில்லிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்கலாம். கோவையில் மூடிய மில்களில் வேலை பார்த்த பலர் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் வட்டாரத்தில்தான் இன்னும் குடியிருக்கிறார்கள். தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச்சில் நின்ற பிறகு வீட்டோடு இருப்பவர்கள் அவர்களில் சேர்த்தி. இனி இழக்க வேலை இல்லை என்பதால் பேசத் தயங்கமாட்டார்கள். ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் கையடக்க ஸ்பைரோமீட்டர் ஒரு தோள்பைக்குள் அடங்கும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வீடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். அதே கதவில் இன்னொரு கேள்வியைச் சேர்க்கலாம்: எந்த மில், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு. அதற்கு 'கூலி' என்று பதில் எழுத முடியாது.

சிக்கல் இன்னும் ஒன்று உண்டு. மில் மூடியதோடு மில்லின் பதிவேடுகளும் போய்விட்டன. அவிநாசி சாலையில் பஸ் நிறுத்தத்தின் பெயர் இன்னும் லட்சுமி மில்ஸ்தான். அங்கே இறங்குகிறவர்களில் பலர் கடைவளாகத்துக்குப் போகிறவர்கள். யார் எந்த ஆண்டு கார்டிங்கில் நின்றார் என்பதற்கு ஆதாரம் இன்று தொழிலாளியின் வீட்டில்தான் இருக்கிறது: பழைய இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, சங்கச் சந்தா ரசீது. பெரியப்பாவின் மஞ்சள் பைக்கு அடியில் அவருடைய அட்டையும் இருந்தது. வேலையில் சேர்ந்த தேதி மங்கலாகத்தான் தெரிகிறது. பிரிவின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் அரித்திருக்கிறது. அவர் கார்டிங்கில்தான் நின்றார் என்பதற்கு இப்போதைக்குப் பெரியம்மாவின் ஞாபகம்தான் சாட்சி. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவர் புருவத்திலிருந்து பஞ்சைத் தட்டிவிட்டது பெரியம்மாதான். அவருக்கு இந்த ஆடி வந்தால் எழுபத்தொன்பது.